15 நிமிட அவகாசம்: ஏவுகணை முன்னெச்சரிக்கை ரேடார் எப்படி வேலை செய்கிறது?

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஒன்று 10,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்தைச் சென்றடைய ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் எத்தனை நிமிடங்களை, தாக்கப்படப் போகும் நாட்டின் கையில் கொடுக்க முடியும்? முன்னெச்சரிக்கை ரேடார் நிலையங்களைக் கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டியது இந்த ஒரு கேள்விக்காகத்தான். இந்த நிலையம் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தாது, வழிமறிக்காது. என்ன வருகிறது, எத்தனை வருகின்றன, எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். கூடவே, எதுவும் வராத நாட்களில் "எதுவும் வரவில்லை" என்றும் நம்பும்படியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வேலைதான் கடினம். ஏன் என்று புரிந்துகொள்ள, இந்த வகையில் அமெரிக்கா முதன்முதலில் கட்டிய துலே நிலையத்தை (2023 முதல் அந்தத் தளத்தின் பெயர் பிட்டுஃபிக்) பார்ப்போம். அது கிரீன்லாந்தின் வடமேற்கில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

அவ்வளவு வடக்கே போய் ஏன் கட்ட வேண்டும்? சுவரில் தொங்கும் தட்டையான உலக வரைபடத்தைப் பார்த்தால் இது விளங்காது. அதில் சைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் நடுப்பகுதிக்குப் போகும் வழி கிழக்கு மேற்காகக் கடலைத் தாண்டுவது போலத் தெரியும். உலக உருண்டையை எடுத்து அதே இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் நேராக வடக்கே ஏறி, ஆர்க்டிக் பகுதியைக் கடந்து, மறுபக்கம் இறங்கும். ஏவுகணை போவதும் அந்தக் குறுக்குவழியில்தான். பனிப்போர்க் காலத்தில் இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று துருவத்தின் வழியாகவே முறைத்துக்கொண்டிருந்தன.

1957 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தனது ஆர்-7 ஏவுகணையை நெடுந்தூரம் செலுத்திக் காட்டியது. அதே வகை ராக்கெட்தான் அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது. கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் அமெரிக்கா அந்த ஆண்டில்தான் ஒரு நீண்ட ரேடார் வரிசையைக் கட்டி முடித்திருந்தது. ஆனால் அது குண்டுவீச்சு விமானங்களைப் பிடிப்பதற்கானது. விமானம் வர மணிக்கணக்காகும். ஏவுகணைக்கு அரை மணி போதும். வான்வெளிக்கு மேலே ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் பறந்து போகும் பொருளை அந்த ரேடார்களால் பார்க்க முடியாது. எனவே புதிதாக மூன்று நிலையங்கள் திட்டமிடப்பட்டன. துலே 1960-லும், அலாஸ்காவில் க்ளியர் 1961-லும், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் ஃபைலிங்டேல்ஸ் 1963-லும் செயல்படத் தொடங்கின.

துலே ஆளில்லாத பனிவெளி அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த இனுகுவிட் மக்களை, விமானத்தளத்தை விரிவாக்குவதற்காக 1953-ல் சில நாள் அவகாசத்தில் கிளப்பி, 100 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே உள்ள கானாக் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அது அநியாயம் என்று சொல்லி டென்மார்க் நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது 1999-ல்தான். பிற்பாடு ஒரு நாட்டுக்கு 15 நிமிட அவகாசம் தந்த அந்த இடத்தை விட்டுப் போக, அந்த மக்களுக்குச் சில நாட்களே கொடுக்கப்பட்டன என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இனி ரேடாருக்கு வருவோம். அடிப்படைச் செயல்முறை எளிது. ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலையை ஒரு துடிப்பாக அனுப்ப வேண்டும். அது எதன்மீதாவது பட்டுத் திரும்பி வந்தால், போய் வர ஆன நேரத்தை அளக்க வேண்டும். ரேடியோ அலையும் ஒளியின் வேகத்திலேயே, அதாவது நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொருளிலிருந்து எதிரொலி 20 மில்லிநொடியில் வந்துவிடும். எந்தத் திசையில் அனுப்பினோம் என்பது தெரியும், எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்துவிட்டது. ஆக, பொருள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பொருள் நம்மை நோக்கி வரும் வேகமோ விலகிப் போகும் வேகமோ கிடைக்கும்.

ஆனால் பூமி உருண்டை. ரேடியோ அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. அதனால் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் எதையும் ரேடார் பார்க்காது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம், தரையில் இருக்கும் ரேடாருக்குச் சுமார் 350 கிலோமீட்டர் தூரத்தில்தான் தலைகாட்டும். அதற்கு அப்பால் எவ்வளவு சக்தி வாய்ந்த ரேடாராக இருந்தாலும் பயனில்லை. ஏவுகணையோ தன் பாதையின் உச்சியில் 1,000 கிலோமீட்டருக்கும் மேலே ஏறுகிறது. அந்த உயரத்தில் உள்ள பொருள் 3,700 கிலோமீட்டர் தூரத்திலேயே தொடுவானத்துக்கு மேல் வந்துவிடும். ஏவுகணை உயரே எழும்புவதால்தான் அதை அவ்வளவு தூரத்திலிருந்து பிடிக்க முடிகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் நிலையங்களை ஏன் எல்லையிலும், எல்லைக்கு வெளியிலும் வைக்கிறார்கள் என்பது தானே விளங்கும். ரேடாரை எவ்வளவு முன்னால் கொண்டுபோய் வைக்கிறோமோ அவ்வளவு முன்னதாக அதன் தொடுவானத்தில் ஏவுகணை ஏறும்.

அடுத்தது சக்தி. அனுப்பும் அலை தூரம் போகப் போகப் பரவி மெலிகிறது. பட்டுத் திரும்பும் எதிரொலியும் அதேபோலப் பரவி மெலிகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி 16-ல் ஒரு பங்காகக் குறையும். சில மீட்டர் நீளமே உள்ள ஏவுகணை முனையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அனுப்பும் சக்தி மெகாவாட் கணக்கில் இருக்க வேண்டும். எதிரொலியைப் பிடிக்கும் ஆன்டெனாவும் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். துலேயில் முதலில் நிறுவிய நான்கு ஆன்டெனாக்களும் ஒவ்வொன்றும் 165 அடி உயரம், 400 அடி அகலம். பனிவெளியில் அசையாமல் நின்ற வளைந்த இரும்புச் சட்டங்கள் அவை. அவற்றுக்குப் பக்கத்தில், 84 அடி விட்டமுள்ள ஒரு தட்டு உருண்டையான கூட்டுக்குள் இருந்தது. சந்தேகத்துக்குரிய பொருளை மட்டும் குறிவைத்துத் தொடர்வது அதன் வேலை.

அசையாத அந்த நான்கு சட்டங்களும் ஏவுகணையைப் பிடித்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஒவ்வொன்றும் வானத்தில் இரண்டு மெல்லிய விசிறிகளைப் போல அலைகளை விரித்து வைத்திருந்தது. ஒன்று தொடுவானத்தை ஒட்டி, இன்னொன்று அதற்குச் சற்று மேலே. ஏறிவரும் ஏவுகணை முதலில் கீழ் விசிறியைக் கடக்கும். எங்கே, எப்போது என்று பதிவாகும். சிறிது நேரம் கழித்து மேல் விசிறியைக் கடக்கும், மறுபடியும் பதிவாகும். இரண்டு இடம், இரண்டு நேரம், அவற்றோடு வேகம். கணினிக்கு இது போதும்.

எப்படிப் போதும்? ஏவுகணையின் இயந்திரம் எரிவது முதல் சில நிமிடங்கள் மட்டும்தான். அது அணைந்த பிறகு ஏவுகணையைச் செலுத்த எதுவும் இல்லை, பூமியின் ஈர்ப்பைத் தவிர. அதிலிருந்து அது செல்லும் பாதை ஒரு நீள்வட்டத்தின் பகுதி. செயற்கைக்கோளும் நீள்வட்டத்தில்தான் போகிறது. வேறுபாடு ஒன்றே: செயற்கைக்கோளின் நீள்வட்டம் பூமியைத் தொடாமல் சுற்றிவரும், ஏவுகணையின் நீள்வட்டம் ஓரிடத்தில் தரையை வெட்டும். பாதையின் ஒரு சிறு துண்டு கையில் கிடைத்தால் முழு நீள்வட்டத்தையும் வரைந்துவிடலாம். அது தரையை வெட்டும் இடம்தான் இலக்கு. வெட்டவே இல்லை என்றால் அது செயற்கைக்கோள், அல்லது விண்வெளிக் குப்பை. விண்கல்லின் வேகம் வேறு மாதிரி இருக்கும். துருவ ஒளியும் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும், ஆனால் அது குறிப்பிட்ட பாதையில் பாயாது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சுவது என்ன என்று பார்ப்பதே இங்கே நடக்கும் முழுநேரப் பணி.

கழிக்க மறந்த ஒன்று, நிலையம் இயங்கத் தொடங்கிய சில நாட்களிலேயே வந்து நின்றது.

1960 அக்டோபர் 5. துலேயிலிருந்து, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் வான்பாதுகாப்புத் தலைமையகமான நோராடுக்கு எச்சரிக்கை பறந்தது. பெருந்தாக்குதல் வருகிறது என்று கணினி மிக உயர்ந்த நிலை எச்சரிக்கையைக் காட்டியது. அப்போது பொறுப்பில் இருந்தவர் துணைத்தளபதி, கனடாவைச் சேர்ந்த ஏர் மார்ஷல் ராய் ஸ்லெமன். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று ரேடாரைப் பற்றியதே அல்ல. குருஷ்சேவ் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். சோவியத் தலைவர் அப்போது ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தார். தன் தலைவர் உட்கார்ந்திருக்கும் நாட்டின்மீதே சோவியத் ஒன்றியம் அணுகுண்டு வீசுமா? மற்ற உளவுத் தகவல்கள் எதிலும் தாக்குதலுக்கான அடையாளம் இல்லை. அது பொய் எச்சரிக்கை என்று முடிவானது.

ரேடார் பார்த்தது நிலவை. நார்வே பக்கமாக எழுந்துகொண்டிருந்த நிலவு, ஆன்டெனாக்களின் அலையை நன்றாகவே திருப்பி அனுப்பியது. நிலவு 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே, அதை எப்படி ஏவுகணை என்று நினைக்க முடியும்? இதில்தான் ரேடாரின் அடிப்படைப் பலவீனம் ஒன்று தெரிகிறது. நிலவுக்குப் போய்த் திரும்ப அலைக்கு இரண்டரை நொடி ஆகும். அதற்குள் ரேடார் அடுத்தடுத்த துடிப்புகளை அனுப்பிவிட்டது. திரும்பி வந்த எதிரொலி எந்தத் துடிப்புக்கு உரியது என்று கணினிக்குத் தெரியாது. கடைசியாக அனுப்பிய துடிப்பின் எதிரொலி என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் பொருள் சில ஆயிரம் கிலோமீட்டர் தூரத்திலேயே இருப்பதாகத் தெரிந்தது. மேலே ஏறிக்கொண்டும் இருந்தது. அதைக் கட்டியவர்கள் தங்கள் ரேடார் நிலவு வரை எட்டும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு நிலவின் எதிரொலியைத் தள்ளிவிடுவதற்கான ஏற்பாடு செய்யப்பட்டது.

கோளாறு ரேடாரில்தான் வர வேண்டும் என்பதுகூட இல்லை. 1961 நவம்பர் 24 அன்று, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப் பிரிவின் தலைமையகத்துக்குத் துலேயோடு இருந்த தொடர்பு திடீரென அறுந்தது. நோராடுடன் இருந்த தொடர்பும் அதே நேரத்தில் போனது. எதிரி முதலில் ரேடார் நிலையத்தைத்தான் அடிப்பான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனவே அங்கிருந்து தகவல் நின்றாலே அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குண்டுவீச்சு விமானங்களின் குழுவினர் புறப்படத் தயாரானார்கள். துலே அருகே வானத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம், தளம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிவித்த பிறகுதான் பதற்றம் தணிந்தது. காரணம், கொலராடோவில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் சூடேறிப் பழுதான மோட்டார். மாற்று வழிகள் என்று வைத்திருந்த இணைப்புகள் எல்லாமே அந்த ஒரே நிலையத்தின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

அந்த விமானம் அங்கே தற்செயலாகப் பறக்கவில்லை. ரேடார் நிலையம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே பி-52 விமானங்களை மாறி மாறித் துலேயின் மேலே வட்டமிடச் செய்திருந்தார்கள், அதுவும் ஹைட்ரஜன் குண்டுகளோடு. 1968 ஜனவரி 21 அன்று அப்படி ஒரு விமானத்துக்குள் தீப்பிடித்து, அது துலே அருகே கடற்பனியில் விழுந்து நொறுங்கியது. ஏழு பேரில் ஒருவர் இறந்தார். நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் சிதறின. அணுவெடிப்பு நிகழவில்லை, ஆனால் புளூட்டோனியம் பனியில் பரவியது. தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்பது டென்மார்க்கின் அறிவிக்கப்பட்ட கொள்கை. கிரீன்லாந்து டென்மார்க்குக்கு உரியது. ரேடாருக்குக் காவலாக அனுப்பிய விமானமே அந்த மண்ணில் கதிரியக்கத்தைக் கொட்டிவிட்டது.

துலேயின் பழைய இரும்புச் சட்டங்கள் இப்போது வேலையில் இல்லை. 1987-ல் அவற்றின் இடத்தை அசையும் பாகம் எதுவும் இல்லாத புதிய வகை ரேடார் பிடித்தது. சாய்ந்த சுவர்களைக் கொண்ட ஒரு பெரிய கட்டடம். சுவர் முழுக்கச் சிறு சிறு ஆன்டெனாக்கள். அமெரிக்காவின் கேப் காட் நிலையத்தில் இதே வகை ரேடாரின் ஒவ்வொரு முகத்திலும் 1,792 ஆன்டெனாக்கள் இயங்குகின்றன. ஃபைலிங்டேல்ஸ் நிலையத்தின் மூன்று முகங்களிலும் ஒவ்வொன்றிலும் சுமார் 2,560. எதுவும் திரும்பாமல் அலை மட்டும் எப்படித் திரும்பும்? குளக்கரையில் பத்துப் பேர் வரிசையாக நின்று, எல்லாரும் ஒரே கணத்தில் கல்லைப் போட்டால், சிறு வளையங்கள் ஒன்றுசேர்ந்து அலை நேராக முன்னால் போகும். இடது ஓரத்தில் நிற்பவர் முதலிலும், அடுத்தடுத்தவர் சற்றுத் தாமதித்தும் போட்டால் அலை வலப்பக்கமாகச் சாய்ந்து போகும். ஆட்கள் யாரும் இடம் மாறவில்லை, நேரம்தான் மாறியது. ரேடாரில் இந்தத் தாமதம் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. அலைநீளம் சுமார் 70 சென்டிமீட்டர். கற்றையை 30 பாகை சாய்க்க, அடுத்தடுத்த ஆன்டெனாக்களுக்கு இடையே வேண்டிய தாமதம் ஒரு நொடியின் 100 கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை மின்னணுச் சுற்றுகளே செய்வதால், ஒரு திசையைப் பார்த்த ரேடார் மறுகணம் வேறு திசையைப் பார்க்கும். பல பொருள்களை ஒரே சமயத்தில் தொடரும். இந்த நிலையங்கள் இன்று அன்றாடம் செய்யும் பணியில் பெரும்பகுதி, செயற்கைக்கோள்களையும் விண்வெளிக் குப்பைகளையும் கணக்கெடுப்பதுதான்.

ரேடார் தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. ஏவுகணை கிளம்பும்போதே அதன் தீப்பிழம்பின் வெப்பத்தை அகச்சிவப்புக் கருவிகள் கொண்ட செயற்கைக்கோள்கள் பார்த்துவிடும். அமெரிக்கா 1960-களில் இவற்றைச் சோதித்துப் பார்த்து, 1970 முதல் முறையான பணிக்கு ஏவி வருகிறது. சில நிமிடங்கள் கழித்து ரேடார் அதே ஏவுகணையை வேறொரு விதத்தில் பார்க்கும். ஒன்று வெப்பத்தை, மற்றொன்று எதிரொலியை. இரண்டையும் ஒரே கோளாறு ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அரிது. 1983 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு தாண்டிய வேளையில், மாஸ்கோவுக்கு அருகே பணியில் இருந்த சோவியத் அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவுக்கு, ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாகச் செயற்கைக்கோள் காட்டியது. வெறும் ஐந்தை வைத்து யாரும் அணுப்போரைத் தொடங்க மாட்டார்கள் என்று யோசித்த அவர், இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். தரை ரேடார்களும் எதையும் காட்டவில்லை. மேகங்களின் மேல்பக்கத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது.

ரஷ்யாவில் ரேடார் சரியாகவே பார்த்தும் சிக்கல் வந்தது உண்டு. 1995 ஜனவரி 25 அன்று நார்வேயின் ஆண்டோயா தீவிலிருந்து துருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. கோலா தீபகற்பத்தில் இருக்கும் ஒலெனெகோர்ஸ்க் ரேடார் அதைக் கண்டது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய ஏவுகணை போல அது தோன்றியது. அணுத்தாக்குதலுக்கு உத்தரவிட அதிபர் யெல்ட்சினுக்கென வைத்திருந்த பெட்டி உயிர்பெற்றது. ராக்கெட் ரஷ்யாவை விட்டு விலகிப் போகிறது என்று தெரிய சில நிமிடங்கள் ஆயின. நார்வே இந்த ஏவுதலைப் பற்றி ரஷ்யாவுக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அந்தத் தகவல் ரேடார் முன் உட்கார்ந்திருந்தவர்களைப் போய்ச் சேரவில்லை.

இன்று இந்த ரேடார்களுக்கு வந்திருக்கும் புதிய தொல்லை, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் தாழ்வாகச் சறுக்கிப் பாயும் ஆயுதங்கள். 50 கிலோமீட்டர் உயரத்தில் வரும் பொருள் தரை ரேடாரின் தொடுவானத்தில் ஏறும்போது 800 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்திருக்கும். நொடிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்று நிமிடம்கூட மிஞ்சாது. போதாக்குறைக்கு அது வழியில் திரும்பும். நீள்வட்டக் கணக்கு அங்கே செல்லாது. 15 நிமிடத்திலேயே இவ்வளவு தடுமாற்றங்கள் நேர்ந்திருக்கும்போது, மூன்று நிமிடத்தில் யார் யாரை அழைத்து எதைச் சரிபார்ப்பார்கள் என்ற கேள்வி என்னை அச்சுறுத்துகிறது.

அதனால்தான் ரேடாரின் வேலையில் ஒரு பகுதியைத் தொலைபேசியும் தாளும் செய்ய வேண்டியிருக்கிறது. நீண்டதூர ஏவுகணை எதையும் ஏவுவதற்கு முன் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிப்பது என்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1988 மே மாதம் உடன்பாடு செய்துகொண்டன. நம் பக்கத்தில் தூரமும் நேரமும் அதைவிடக் குறைவு. உயரே எழும்பி நீள்வட்டப் பாதையில் பாயும் பாலிஸ்டிக் ஏவுகணைகளின் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்கும் உடன்பாட்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபரில் கையெழுத்திட்டன. ஆனால் அதில் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் சேர்க்கப்படவில்லை. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகக் கிளம்பிய ஏவுகணை பாகிஸ்தானுக்குள் 100 கிலோமீட்டருக்கும் மேல் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. அது அந்த வகையைச் சேர்ந்ததுதான். பாகிஸ்தான் விமானப்படையின் ரேடார்கள் அதை வழிநெடுகத் தொடர்ந்துகொண்டே இருந்தன. அதில் வெடிபொருள் இல்லை என்பதை எந்த ரேடாராலும் சொல்ல முடியாது.